பிளவைத் தேடி ஒரு கார்ப் பயணம்: ஹேவர்டிலிருந்து சால்டன் கடல் வரை

ஏப்ரல் 11, வியாழன் – ஃப்ரீமாண்ட், ஹேவர்ட்

மகள் வீடு ஃப்ரீமாண்டில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில். கடைத்தெருவுக்குப் போனால் தமிழ் காதில் விழாமல் திரும்ப முடியாது. முருங்கைக்கீரை, நல்லெண்ணெய், சுண்டைக்காய் வற்றல் எல்லாம் கிடைக்கிறது. ஊருக்கு அடியில் ஹேவர்ட் பிளவு ஓடுகிறது; பூமியின் மேலோட்டில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்கிற, நிலநடுக்கம் பிறக்கிற வெடிப்பு அது. வீடு வாங்கும்போது விற்பவர் தந்த தாள்களிலேயே அது இருந்ததாம். 1972இல் கலிஃபோர்னியாவில் வந்த சட்டம் ஒன்று, உயிரோடு இருக்கும், அதாவது இன்னும் நகரக்கூடிய பிளவின் மேல் மனிதர் குடியிருக்கும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. வழக்கமாக 50 அடியாவது தள்ளித்தான் கட்ட வேண்டும். பொதுப்பணித்துறையில் காலம் தள்ளியவனுக்கு இந்த மாதிரி விதி காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் விடுப்பு. "மாமா, நீங்க இவ்வளவு ஆசைப்படுறீங்க, கீழே கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்" என்றார். பேரனை மகளும் என் மனைவியும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவரும் நானும் தனியாக இவ்வளவு நேரம் ஒரே காரில் உட்கார்ந்ததில்லை. முதல் அரை மணி நேரம் பெட்ரோல் விலையைப் பற்றியே பேசினோம் (ஒரு காலன் 5 டாலர் 39 சென்ட்).

ஹேவர்டில் ரோஸ் தெருவும் பிராஸ்பெக்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு கெர்ப் கல் (நடைபாதை ஓரக்கல்) இருந்தது. பிளவின் மேல் சரியாக உட்கார்ந்திருந்ததால் ஆண்டுக்கு ஆண்டு இரண்டு பாதியும் விலகிக்கொண்டே போனது. 1970களிலிருந்து நிலவியலாளர்கள் படம் எடுத்து வைத்துக்கொண்டு வந்தார்கள். 2016இல் சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை போடுகிறோம் என்று நகராட்சி ஆட்கள் அதைப் பெயர்த்துவிட்டுப் புதுசாகப் போட்டுவிட்டார்கள். ஒருவரும் அவர்களிடம் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த ஆட்கள்மேல் கோபம் வரவில்லை. கோணலான கெர்ப்பைக் கண்டால் நேராக்குவதுதான் அவர்கள் வேலை.

புதுக் கல்லையும் பார்த்தோம். இந்தப் பிளவு ஆண்டுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் ஊர்கிறது. பக்கத்தில் பழைய நகர மன்றக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது; பிளவு ஊர்ந்து ஊர்ந்தே அதை உபயோகமில்லாமல் ஆக்கிவிட்டது. நாயோடு வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "விரிசல் பார்க்க வந்தவர்களா?" என்று கேட்டு, அடுத்த தெருவில் இன்னும் நல்லதாக ஒன்று இருக்கிறது என்று கை காட்டினார். அந்தத் தெருவில் மாரியம்மன் கோயில் இருப்பதைச் சொல்கிற தோரணை.

1868 அக்டோபர் 21க்குப் பிறகு இந்தப் பிளவில் பெரிய நடுக்கம் இல்லை. ஊர்தல் மேலே கொஞ்சத்தைத் தீர்க்கிறது. ஆழத்தில் நகராமல் பூட்டிக்கொண்ட பகுதிகளில் நகர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி – ஹாலிஸ்டர், சான் ஹுவான் பாட்டிஸ்டா

வழியில் மாப்பிள்ளை ஒரு கேள்வி போட்டார்: "நம்ம வீடு எந்தத் தட்டுல மாமா இருக்கு?" பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே பசிபிக் தட்டு வட அமெரிக்கத் தட்டை உரசிக்கொண்டு வடமேற்காக ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் போகிறது. எல்லை சான் ஆண்ட்ரியாஸ் பிளவு என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். சான் ஆண்ட்ரியாஸ் ஃப்ரீமாண்டுக்கு மேற்கே, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். அப்படியானால் வீடு வட அமெரிக்கத் தட்டில்தானே? ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹேவர்ட் பிளவு, அதற்குக் கிழக்கே காலவெராஸ் பிளவு, இரண்டும் நகர்கின்றன. 5 சென்டிமீட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சரி, சாயங்காலம் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

ஹாலிஸ்டர் சின்ன ஊர். காலவெராஸ் பிளவு வீடுகளுக்கு நடுவே போகிறது. டன் பூங்காவைச் சுற்றி நடந்தால் நடைபாதை திடீரென்று ஒரு சாண் வலப்பக்கம் நழுவிவிட்டு மறுபடி நேராகப் போகும். ஆறாம் தெருவில் ஒரு தடுப்புச்சுவர். உடையாமல் வில் மாதிரி வளைந்து நிற்கிறது. நம் ஊரில் இப்படிப் பார்த்தால் முதலில் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போட்டாய் என்று கேட்பேன். இங்கே சுவர் மேல் குற்றமில்லை. குனிந்து ஓரக்கல் இணைப்பைப் பார்த்தேன்: பழைய சிமெண்ட் பூச்சு, அதன்மேல் கொஞ்சம் புதிய பூச்சு, அதிலும் ஒரு மயிரிழை விரிசல். புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவர், தன் வீட்டு முன்கதவைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இழைத்துக் கொடுக்கச் சொல்வதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டை விற்கிற யோசனை இல்லையாம்.

ஊருக்குத் தெற்கே சியனேகா சாலையில் ஒரு ஒயின் ஆலை. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு கட்டடத்துக்கு நடுவிலேயே போகிறது. 1950களில் சுவர் விலகுவதைப் பார்த்து விசாரிக்கப் போய்த்தான், பெரிய நடுக்கமே இல்லாமலும் பிளவு ஊரும் என்பது தெரியவந்தது. உள்ளே போகிற நேரம் தப்பிவிட்டதால் வெளியே இருக்கும் கான்கிரீட் வடிகாலை மட்டும் பார்த்தோம். இரண்டு பக்கச் சுவரும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, நீரோட்டம் ஒரு பக்கமாக விலகியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

சாயங்காலம் சான் ஹுவான் பாட்டிஸ்டா. 1797இல் ஸ்பானியப் பாதிரிமார் தொடங்கிய தேவாலயம், பிளவு எழுப்பிய மேட்டின் விளிம்பிலேயே நிற்கிறது. 1906இல் பக்கச் சுவர்கள் விழுந்தன. பிறகு எடுத்துக் கட்டினார்கள். எதிரே ஒரு மெக்சிகன் கடையில் எஞ்சிலாடா, சோறு, மசித்த பீன்ஸ்: 16 டாலர். பச்சை மிளகாய்ச் சட்னியைத் தனியாகக் கேட்டதும் பரிமாறியவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறொரு கிண்ணம் கொண்டுவந்தார். "இது எங்களுக்கு வைத்திருப்பது" என்றார். நல்ல காரம்.

ஏப்ரல் 13, சனி – பின்னக்கிள்ஸ்

மழை. தேசியப் பூங்கா நுழைவு காருக்கு 30 டாலர். மூடுபனியில் பாதி மலை தெரியவில்லை, காண்டார் கழுகும் தென்படவில்லை. என் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை.

தெரிந்த பாதியே போதும் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தச் செங்குத்துப் பாறைகள் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கக்கிய எரிமலையின் மிச்சம். அதே எரிமலையின் மறுபாதி, தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கிலுள்ள நீனாக் பக்கம் கிடக்கிறது. நடுவில் 300 கிலோமீட்டர் தூரம். ஒரு மலையைப் பிளந்து சென்னையிலிருந்து திருச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போன மாதிரி. மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "நடக்கிறது எல்லாம் சத்தமில்லாமத்தான் நடந்திருக்கு" என்றார். எல்லாம் இல்லை என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு – பார்க்ஃபீல்ட்

பலகையில் மக்கள்தொகை 18. தண்ணீர்த் தொட்டியில் 'உலகின் நிலநடுக்கத் தலைநகர். நடக்கும்போது இங்கே இருங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சான் ஹுவான் பாட்டிஸ்டாவிலிருந்து இங்கே வரை சுமார் 150 கிலோமீட்டருக்குச் சான் ஆண்ட்ரியாஸ் ஊர்கிற ஜாதி. நடுப்பகுதியில் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டரை நெருங்கும். பார்க்ஃபீல்டுக்குத் தெற்கே அப்படியே பூட்டிக்கொள்கிறது. ஊர்வதும் பூட்டுவதும் சேரும் இடம் என்பதால் இங்கே மட்டும் நடுத்தர அளவு நடுக்கம் திரும்பத் திரும்ப வந்தது: 1857, 1881, 1901, 1922, 1934, 1966. இந்த வரிசையைப் பார்த்து, அடுத்தது 1993க்குள் வரும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1985இல் சொல்லி, மலைமேலும் கிணற்றிலும் கருவிகளை நட்டுவிட்டுக் காத்திருந்தது. வரவில்லை. 2004 செப்டம்பர் 28 அன்று காலை 10.15க்கு, 6.0 அளவில் வந்தது. முன்னறிவிப்பு மாதிரி எதுவும் கருவிகளில் தெரியவில்லை. அறிவியல் தோற்றது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு கருவிகளுக்கு நடுவே, இவ்வளவு கிட்டத்தில் ஒரு நடுக்கத்தை அதற்கு முன்பு யாரும் பதிவு செய்ததில்லை.

ஊருக்குப் பக்கத்தில் பிளவுக்குள்ளேயே துளை போட்டு, கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பாறை எடுத்திருக்கிறார்கள். வந்தது கெட்டிப் பாறை இல்லை, வழவழவென்ற ஒருவகைக் களிமண் கனிமம். பிளவு ஏன் பூட்டிக்கொள்ளாமல் வழுக்குகிறது என்பதற்கு அதுதான் பதில்.

ஓடைப் பாலத்தின் ஒரு முனையில் 'பசிபிக் தட்டு', மறுமுனையில் 'வட அமெரிக்கத் தட்டு' என்று பலகை. 1936இல் கட்டிய பாலம், இப்போது நன்றாகவே கோணிக்கொண்டு நிற்கிறது. கைப்பிடிக் கம்பியோடு கண்ணை ஓட்டினால் வளைவு தெரியும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எங்கும் உடையவில்லை. மாப்பிள்ளை ஒரு காலை அந்தப் பக்கமும் ஒரு காலை இந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

நான் பாலத்தில் நின்றபடியே அவருடைய பழைய கேள்விக்கு வந்தேன். பலகை சொல்வது முழு உண்மை இல்லை. வழியில் மேய்ச்சல் நிலத்தில் ஒரு ஜிபிஎஸ் நிலையம் பார்த்திருந்தோம்: நாலு இரும்புக் கால், தலையில் வெள்ளைக் கும்மட்டம், பக்கத்தில் சூரியத் தகடு. கால்கள் தரைக்குள் பல மீட்டர் இறங்கி நிற்கின்றன. மண் ஈரத்தில் உப்பினாலும் நிலையம் அசையாது. இப்படி நூற்றுக்கணக்கில் மேற்கு மாநிலங்கள் முழுக்க நட்டு, மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். பிளவு பூட்டிய இடங்களில் வேகம் அந்தக் கோட்டில் சட்டென்று மாறவில்லை. கடற்கரையில் வேகம், உள்ளே போகப் போகக் கொஞ்சம் குறைவு, இன்னும் உள்ளே இன்னும் குறைவு. ஒரு சீட்டுக்கட்டின் மேல் கையை வைத்துத் தள்ளினால் ஒவ்வொரு சீட்டும் கொஞ்சம் கொஞ்சம் சரியுமே, அப்படி. 5 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் சியரா நெவாடா மலைக்கும் அப்பால், பாலைவனத்தில் கழிகிறது. 1992இல் லாண்டர்ஸ், 2019 ஜூலையில் ரிட்ஜ்க்ரெஸ்ட், இரண்டும் அந்தப் பங்குக்கு வந்த நடுக்கம். நகராத வட அமெரிக்கா என்று கைவைத்துச் சொல்ல, நெவாடாவைத் தாண்டி யூட்டா பக்கம் போக வேண்டும்.

"அப்போ நம்ம வீடு?"

இரண்டிலும் முழுசாக இல்லை. எல்லைக்குள்ளேயே குடியிருக்கிறீர்கள்.

கடல் தளத்தில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே ஓடு மெல்லியது, எரிமலைப் பாறை, எல்லை ஒடுக்கமாக முடிந்துவிடும். கண்டத்தின் ஓடு பொதுவாக 30 கிலோமீட்டருக்குக் குறையாத தடிமன், குவார்ட்ஸ் அதிகம். 12, 15 கிலோமீட்டருக்குக் கீழே சூட்டில் இளகி மெதுவாக ஓட ஆரம்பித்துவிடும். போதாததற்குப் பழைய காலத்து விரிசல்கள் எங்கும் இருக்கின்றன. தள்ளினால் எல்லாப் பக்கமும் கொடுக்கும்.

ஊரின் உணவகத்தில் எல்லாமே மாட்டிறைச்சி. சீஸ் ரொட்டியும் உருளைக்கிழங்கும் 14 டாலர், காபி எத்தனை தடவை வேண்டுமானாலும்.

ஏப்ரல் 15, திங்கள் – கரிசோ சமவெளி

இந்த ஒரு இடத்துக்காகத்தான் மொத்தப் பயணமும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

கரிசோவில் பெட்ரோல் கிடையாது, தண்ணீர் கிடையாது, கைப்பேசி சிக்னலும் இல்லை. எல்க்ஹார்ன் சாலை வெறும் மண். 'ஈரமானால் போக முடியாது' என்ற பலகையைத் தாண்டி வண்டி நன்றாகத்தான் போனது; ஒரு பள்ளத்தில் வார இறுதி மழை காயாமல் இருந்தது, பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. களிமண் என்றால் நம் கரிசல் மாதிரி. செருப்போடு கால் வரவில்லை, செருப்பு தனியாகத் தங்கிவிட்டது. மாப்பிள்ளை பேசாமல் கையால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கார் விரிப்பை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். விரிப்பு போனதுதான் மிச்சம்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வண்டி. மாட்டுப் பண்ணைக்காரர், தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, எதுவும் கேட்காமல் சங்கிலியை எடுத்தார். இரண்டு இழுப்பு. பணம் நீட்டியதும் கையை ஆட்டிவிட்டார். என் மனைவி கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன், அதை வாங்கிக்கொண்டார்.

மிச்சத் தூரம் நடந்தே போனோம். வாலஸ் ஓடை. டெம்ப்ளர் மலையிலிருந்து இறங்கும் சிறு ஓடை, நேராகச் சமவெளிக்குப் போக வேண்டியது. பிளவைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பி, பிளவை ஒட்டியே 130 மீட்டர் ஓடி, பிறகு இடப்பக்கம் திரும்பிச் சமவெளியில் இறங்குகிறது. ஓடைக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அது வெட்டிய வழியின் கீழ்ப்பாதியை நிலம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மண்ணைத் தோண்டி, கரித்துண்டுகளின் வயதைப் பார்த்தவர்கள், இந்த ஓடை வெட்டி ஏறக்குறைய 3,700 ஆண்டு ஆகிறது என்று கண்டார்கள். 130 மீட்டரை அதால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 3.5 சென்டிமீட்டர்.

ஆனால் இங்கே பிளவு ஊரவில்லை. நான் குனிந்து தேடியும் ஹாலிஸ்டரில் பார்த்த மாதிரி ஒரு புது விரிசல் கிடையாது. 1857 ஜனவரி 9க்குப் பிறகு அசையவே இல்லை. அன்று 7.9 அளவில் 350 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. அதிலிருந்து இன்று வரை ஆண்டுக்கு 3.5 சென்டிமீட்டர் வீதம் சேர்ந்தால் ஐந்தரை மீட்டருக்கு மேல் வருகிறது. அது முழுக்க இந்தப் புல்வெளியின் இரு பக்கமும், பல பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்கு, வளைவாகத் தேங்கி நிற்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நடுக்கத்துக்குப் பிறகு, பழைய நில அளவைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு இதைச் சொன்னவர் ஹாரி ஃபீல்டிங் ரீட், 1910இல். நடுக்கத்துக்கு முன்பே நிலம் வளைந்திருந்தது, உடைந்ததும் நிமிர்ந்தது என்றார். சங்கிலியும் தியோடலைட்டும் (கோணம் அளக்கும் கருவி) வைத்து அளந்த சர்வேயர்களின் கணக்கு அது. ஜிபிஎஸ் வந்து அதைத்தான் மறுபடி சொல்கிறது.

மஞ்சள் பூ வெளி முழுக்க. காற்று பலம். சாயங்காலம் டாஃப்ட் பக்கம் போகும் வழியெல்லாம் எண்ணெய் இறைக்கும் பம்புகள். அந்த எண்ணெயும், தட்டுகள் உரசும்போது கொஞ்சம் நெருக்கவும் செய்கின்றனவே, அந்த நெருக்கலால் வந்த வசதிதான்: பிளவுக்கு இணையாக நிலம் மடிந்து, மடிப்பின் முதுகில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. அப்படியொரு மடிப்புக்கு அடியில் ஒளிந்திருந்த பிளவுதான் 1983 மே 2 அன்று கோலிங்கா ஊரை ஆட்டியது.

விடுதி அறை 92 டாலர், வெந்நீர் வரவில்லை. சேற்றோடு நிற்கிற இரண்டு பேருக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா?

ஏப்ரல் 16, செவ்வாய் – பாம்டேல்

இங்கே பிளவு வடமேற்குத் திசையை விட்டுக் கொஞ்சம் மேற்காகத் திரும்புகிறது. தட்டு திரும்பவில்லை. எனவே உரசிப் போக வேண்டியது இடித்துக்கொண்டு போகிறது. அதன் விளைவாக எழுந்தது சான் கேப்ரியல் மலை, உச்சி 3,068 மீட்டர். 1971இல் சான் ஃபெர்னாண்டோ, 1994இல் நார்த்ரிட்ஜ் நடுக்கங்களும் இந்த நெருக்கலின் வாரிசுகள்.

14ஆம் எண் நெடுஞ்சாலைக்காக ஒரு குன்றை வெட்டியிருக்கிறார்கள். பாறை அடுக்குகள் சுருண்டு, மடங்கி, தலைகீழாகத் திரும்பிக் கிடக்கின்றன. வெள்ளை ஜிப்சம் அடுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை நகர்த்தினேன். மூன்று மடிப்பு தாண்டியதும் தொலைந்துவிட்டது. நெடுஞ்சாலையில் நிறுத்த முடியாது, பக்கத்து மேட்டில் ஏறித்தான் பார்த்தோம். கீழே கார்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது கலிஃபோர்னியா கால்வாய். தெற்குக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இந்தக் கால்வாய் சான் ஆண்ட்ரியாஸைக் கடக்கிற இடங்களில் சுரங்கம் கிடையாது, தரைமட்டம்தான். உடைந்தால் சீக்கிரம் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று. உடையாது என்று கட்டாமல், உடையும் என்று கட்டியிருக்கிறார்கள். தொழில்காரன் வேலை.

ஏப்ரல் 17, புதன் – கோச்செல்லா, சால்டன் கடல்

வெயில் 35 டிகிரி. இண்டியோவில் இரண்டு வார இறுதிகளுக்கு இசை விழா. நடுவில் மாட்டிக்கொண்ட எங்களுக்குச் சாதாரண அறை 240 டாலர் என்றார்கள். பேரீச்சம்பழ ஷேக் 8 டாலர், அது மட்டும் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

தவுசண்ட் பாம்ஸ் சோலையில் பாலைக்கு நடுவே விசிறி ஓலை மரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன, காய்ந்த ஓலை தரை வரை பாவாடையாகத் தொங்க. பிளவில் அரைபட்ட பாறை மாவு நிலத்தடி நீரை அணைபோல் மறிக்கிறது. நீர் மேலே வருகிற இடத்தில் மரம். பிளவுக்கு வரைபடம் தேவையில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். இந்தத் தெற்கு முனை ஏறக்குறைய முன்னூறு ஆண்டாகப் பெரிதாக அசையவில்லை.

பாம்பே பீச் பக்கம் சான் ஆண்ட்ரியாஸ் முடிகிறது. கடல்மட்டத்துக்குச் சுமார் 70 மீட்டர் கீழே சால்டன் கடல். 1905இல் கொலராடோ ஆற்று வாய்க்கால் உடைத்துக்கொண்டு நிரப்பியது. கருவாட்டுக் கிடங்கு நாற்றம். ஆனால் பள்ளம் ஆற்றின் வேலை இல்லை. இங்கிருந்து தெற்கே எல்லை உரசுவதை விட்டு, விலக ஆரம்பிக்கிறது. ஓடு இழுபட்டு மெலிந்து அமிழ்கிறது. கலிஃபோர்னியா வளைகுடாவே அப்படித் திறந்ததுதான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேடு மட்டும் தடுக்காவிட்டால் கடல் இங்கே வரைக்கும் வந்திருக்கும். நெருக்கல், உரசல், இழுவை என்று ஒரே எல்லையில் மூன்றும் பார்த்தாயிற்று.

ஏப்ரல் 19, வெள்ளி – ஃப்ரீமாண்ட்

நேற்று முழுக்க ஐந்தாம் எண் நெடுஞ்சாலை. சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளை விஜயகாந்த் படப் பாட்டுகளாகப் போட்டார். அவருக்கு இந்த ருசி இருப்பது எனக்குத் தெரியாது.

காலையில் கார் கொட்டகையில் வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பட்டை போட்டுச் சுவரோடு கட்ட வேண்டும் என்பது இங்கே விதி. நடுக்கத்தில் சாய்ந்தால் எரிவாயுக் குழாய் பிய்ந்துகொள்ளும். மேல் பட்டை தொளதொளவென்றிருந்தது, திருகு மரச்சட்டத்தில் இறங்காமல் வெறும் பலகையில் நின்றது. இரும்புக் கடையில் புதுப் பட்டை 24 டாலர். மாப்பிள்ளை துளைபோட, நான் மட்டம் பிடித்தேன். மகள் எட்டிப் பார்த்து, "ஊர் சுத்திட்டு வந்த களைப்பே இல்லையாப்பா?" என்றாள். கீழ்ப் பட்டைக்கும் ஒரு திருகு குறைகிறது, மத்தியானம் மறுபடி கடைக்குப் போக வேண்டும்.